பிரிட்ஜுக்குப் பதில் ஒரு செல்ஃப் மோட்டார்

துறைமுக வரிசையில் நின்ற லாரியின் சாவியை நான்தான் திருப்பி அணைத்தேன். என் வீட்டுக்காரர் கையை நீட்டித் தடுக்கப் பார்த்தார். அதற்குள் எஞ்சின் ஒரு குலுங்கு குலுங்கி நின்றுவிட்டது.

“ஏளா, என்ன காரியம் பண்ணிட்ட! வரிசை நவுந்தா என்ன செய்யதுக்கு?”

தொண்டை கிழியக் கத்தினார். கத்தி முடித்த பிறகுதான், இனிமேல் கத்த வேண்டியதில்லை என்பது அவருக்கு உறைத்தது. வெட்கப்பட்டுக்கொண்டு ஸ்டியரிங்கைப் பார்த்தார்.

“அதான் புது மோட்டார் போட்டாச்சுல்லா. நவுந்தா எடுக்கும். சாப்பிடுங்க” என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். அவருக்குக் கேட்டது.

உச்சி சாய்ந்த வெயில். கண்ணாடியை இறக்கியிருந்தோம். கல்யாணமாகி அத்தனை காலம் கழித்து, அந்த லாரிக்குள் என் வளையல் சத்தம் எனக்கே முதல்முறையாகக் கேட்டது. டிபன் கேரியரின் கொக்கியை நெம்பிய சத்தம் கேட்டது. பக்கத்து உப்பளத்தில் ஒருத்தி இன்னொருத்தியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது கேட்டது. அவர் சோற்றைப் பிசைகிற சத்தம்கூடக் கேட்டது என்றால் நம்புவீர்களா?

இந்தத் தொடரில் என் கல்யாணத்தைப் பற்றி எழுதிய வாரம், “நீங்கள் உங்கள் வீட்டுக்காரரோடு பேசுவதாக ஓரிடத்திலும் வரவில்லையே” என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். பேசினோம் அம்மா. நிறையவே பேசினோம். ஆனால் எல்லாமே கத்தல். அந்த ஒரு மத்தியானத்து அமைதிக்காக நான் பட்ட பாட்டைச் சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும்.

எஞ்சினுக்கு இரண்டு பக்கமும்

அவர் பெயர் இசக்கிமுத்து. தாமிரபரணிக் கரையில், ஏரல் பக்கத்து நெல்லுக்காரக் குடும்பம். அண்ணன் தம்பிகள் வயலோடு இருந்துவிட, இவர் மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தூத்துக்குடிக்கு வந்தார். டிரெய்லர் லாரி ஒன்றை செகண்ட் ஹாண்டில் வாங்கி ஓட்டினார். சொந்த வண்டி. சொந்தம் என்றால், முன்சக்கரம் மாப்பிள்ளையுடையது, மற்றதெல்லாம் பைனான்ஸ்காரருடையது என்று என் அப்பா கேலி செய்வார்.

திருப்பூரிலிருந்தும் கரூரிலிருந்தும் கண்டெய்னர் ஏற்றி வருவார். துறைமுக வாசலுக்கு முன்னால் லாரிகள் அனுமார் வால் மாதிரி நிற்கும். சில நாள் அந்த வால் உப்பளங்களைத் தாண்டி ரவுண்டானா வரைக்கும் நீண்டுவிடும். அங்கிருந்து எங்கள் வீடு, ஸ்கூட்டியில் போனால் ஒரு பாட்டு முடிவதற்குள் வந்துவிடும். ஆனாலும் அவரால் வீட்டுக்கு வர முடியாது.

ஏனென்றால் வரிசை எப்போது நகரும் என்று யாருக்கும் தெரியாது. நகரும்போது நம் வண்டி நகராவிட்டால், பின்னால் நிற்பவர் ஒதுங்கி முன்னே போய்விடுவார். அவரைப் பார்த்து அடுத்தவர், அவரைப் பார்த்து இன்னொருவர். கடைசியில் நாம் வாலில் நிற்க வேண்டியதுதான். இதில் மாமன் மச்சான் தயவெல்லாம் செல்லாது.

மற்ற டிரைவர்கள் எஞ்சினை அணைத்துவிட்டு வண்டி நிழலில் துண்டை விரித்துப் படுத்திருப்பார்கள். எங்கள் வண்டி மட்டும் அணையாது. அதன் செல்ஃப் மோட்டாருக்கு ஒரு வியாதி.

சாவியைத் திருப்பியதும், பேட்டரியில் கரண்டை வாங்கி எஞ்சினை முதல் சுற்றுச் சுற்றிவிட வேண்டியது செல்ஃபின் வேலை. எங்களுடையது விடியற்காலையில், உடம்பு குளிர்ந்து கிடக்கும்போது, முக்கி முனகி எடுத்துவிடும். ஓடிச் சூடான பிறகு அணைத்தால் போச்சு. ‘ஊ...ம்’ என்று ஒரு முனகல், அதோடு சரி. பாரம் ஏற்றிய டிரெய்லரைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய ஊரையே கூப்பிட்டாலும் காணாது. ஆகையால் வரிசை எத்தனை நேரம் நின்றாலும் எங்கள் வண்டி உறுமிக்கொண்டே நிற்கும். அதை விட்டு அவர் இறங்க மாட்டார்.

அவர் வராவிட்டால் நான் போக வேண்டியதுதானே. டிபன் கேரியரை ஸ்கூட்டியில் மாட்டிக்கொண்டு, நிலக்கரித் தூசியும் உப்புக்காற்றும் முகத்தில் அப்ப, ஒவ்வொரு வண்டியாக நம்பர் பார்த்துக்கொண்டே போவேன். கண்டுபிடித்து ஏறி உட்கார்ந்தால், டீசல் வாடையும் ஊதுபத்தி வாடையும் கலந்து அடிக்கும். எஞ்சின் மூடி எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் மாமியார் மாதிரி சூடாக உட்கார்ந்திருக்கும்.

“உப்பு போதுமா?”

“என்னது?”

“உப்பூ...!”

இப்படித்தான் எங்கள் குடித்தனம் நடந்தது. புருஷன் பெண்டாட்டி பேச்சில் பாதி, கத்திச் சொல்ல முடியாத பேச்சு. கத்திச் சொன்னால் ஒன்று சண்டையாகிவிடும், இல்லையென்றால் மீன் ஏலம் மாதிரி ஆகிவிடும். வாரத்தில் ஒரு நாள் வண்டியை லாரி ஷெட்டில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், சாப்பிட்டதும் கட்டையாய்ச் சாய்ந்துவிடுவார். தூங்குகிறவரிடம் என்ன பேச?

அந்தக் குரல்

ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் அவரைக் கட்டிக்கொண்டதே அந்தக் குரலுக்காகத்தான்.

என் அப்பா பலசரக்குக் கடைக்காரர். பனங்காட்டுப் பக்கமிருந்து வந்து கடை போட்டவர். கடைக்காரனுக்குத்தான் பெண் கொடுப்பேன் என்று இருந்தவர், தரகர் கொண்டுவந்த லாரிக்கார வரனுக்கு முகத்தைச் சுளித்தார். “ஓடுத வண்டியில இருக்கவன் என்னைக்கும்மா வீட்டுல இருப்பான்?” என்றார். நானும் தலையை ஆட்டினேன்.

பெண் பார்க்க வந்த அன்று, நகத்துக்குள் இருந்த கிரீஸ் தெரியாமல் இருக்க, காப்பி டம்ளரைக் கைக்குள் பொத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் தட்டை எடுக்கக் குனிந்தபோது, “காப்பி நீங்க போட்டதா?” என்று கேட்டார். அவ்வளவு மெதுவாக ஒரு ஆண்பிள்ளை பேசி நான் கேட்டதில்லை. எங்கள் கடையில் எல்லோரும் தெருவுக்குக் கேட்கிற மாதிரிதான் பேசுவார்கள். அந்தக் குரலை நினைத்துக்கொண்டுதான் அப்பாவிடம் சரி என்றேன்.

கட்டிக்கொண்ட பிறகு அந்தக் குரலை எஞ்சின் எடுத்துக்கொண்டது.

எங்கள் ஊரை முத்துநகர் என்பார்கள். நான் முத்தைப் பார்த்ததெல்லாம் நகைக்கடையில்தான். ஆனால் முத்துக்குளித்த காலத்தைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. கடலுக்குள் இறங்குகிறவன், தன் இடுப்புக் கயிற்றை மச்சினன் கையில்தான் கொடுப்பானாம். அக்காள் தாலி அறுந்துவிடக் கூடாதே என்று அவன்தான் கண்ணை இமைக்காமல் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருப்பானாம். எனக்குத் தம்பி கிடையாது. என் கையில் கயிறும் இல்லை. இருந்தது டிபன் கேரியர் ஒன்றுதான்.

ஊரறிந்த சேதி

ஒரு நாள் காலையில், நாள் தள்ளிப்போனதிலிருந்து எனக்கிருந்த சந்தேகம் தீர்ந்தது. அவர் ஊரில் இல்லை. போனில் சொல்லிவிடலாம். மனசு வரவில்லை. முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். அவர் வந்து வரிசையில் நிற்கிறார் என்று தெரிந்ததும், விளமீன் குழம்பு வைத்து எடுத்துக்கொண்டு பறந்தேன்.

கேபினில் ஏறி உட்கார்ந்து, அவர் முதல் கவளத்தை விழுங்கும்வரை பொறுத்தேன்.

“நான் முழுகாம இருக்கேன்” என்றேன்.

அவர் காதில் கையை வைத்து என் பக்கம் சாய்ந்தார். எஞ்சின் மூடிக்கு மேல் நானும் சாய்ந்து இன்னொரு தடவை சொன்னேன். உதட்டைப் பார்த்துவிட்டுப் புரியாமல் தலையை ஆட்டினார். எனக்கு வந்ததே கோபம். மூச்சைப் பிடித்துக்கொண்டு அலறினேன்.

“புள்ள உண்டாயிருக்கேன்னு சொல்லுதேன்!”

அவருக்குக் கேட்பதற்கு முன்னால் முன்வண்டி நிழலில் படுத்திருந்த சாத்தான்குளத்து டிரைவருக்குக் கேட்டுவிட்டது. எழுந்து வந்து எங்கள் கதவில் ஓங்கித் தட்டினார்.

“ஏலே இசக்கி! கூறுகெட்ட பயல! நீ அப்பனாகப் போற! அந்தப் புள்ள எத்தன மட்டந்தான் கத்தும்?”

அப்புறம் கேட்க வேண்டுமா? சாத்தான்குளத்துக்காரர் போய்த் தன் வண்டி ஹாரனை அடித்தார். பின்னால் நின்றவர்கள் என்ன ஏது என்று தெரியாமலே அடித்தார்கள். வரிசை முழுக்க ஹாரன். என் வீட்டுக்காரர் சோற்றுக்கையோடு என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது. ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை.

ஸ்கூட்டியில் திரும்பி வரும்போது எனக்கு அழுகை வந்தது. உலகத்தில் எல்லாப் பெண்களும் காதோடு சொல்கிற சங்கதி அது. நான் அதைத் துறைமுகத்துக்கே கேட்க அலறிவிட்டு, அவர் சொன்ன பதிலையும் கேட்காமல் வருகிறேன். அன்றைக்கு முடிவு செய்தேன். பிள்ளை பிறப்பதற்குள் அந்த எஞ்சின் ஒரு மத்தியானமாவது அணைந்து நிற்க வேண்டும். நாங்கள் இரண்டு பேரும் மனுஷர்கள் மாதிரி உட்கார்ந்து பேச வேண்டும். அதற்கு மேல் எனக்கு ஆசை இல்லை.

ராசியான மோட்டார்

அவர் அந்த மோட்டாரைச் சும்மா விட்டுவைத்திருந்தார் என்று நினைக்காதீர்கள். கார்பன் பிரஷ் மாற்றினார். உள்ளே இருந்த காயிலைப் புதிதாகக் கட்டினார். சூடானால்தானே எடுக்க மாட்டேன் என்கிறது என்று, கோணிச்சாக்கை நனைத்து அதன்மேல் போர்த்திப் பார்த்தார். வீல் ஸ்பேனரை எடுத்து மண்டையில் இரண்டு போடுவார். சில நாள் அடிக்குப் பயந்து எடுக்கும். மாற்றிவிடுங்கள் என்றால் மட்டும் முகம் மாறிவிடும்.

“கம்பெனியில பூட்டுன செல்ஃபுளா அது. அத மாத்துனா வண்டி ராசி போயிரும்.”

“ராசியா இருந்து என்ன செய்ய? எடுக்க மாட்டேங்கே!”

“வண்டியோட பொறந்ததுளா.”

கூடப்பிறந்தவரைக் கைவிடச் சொன்ன மாதிரி என்னைப் பார்ப்பார்.

அப்போது எனக்கு ஒரு சீட்டு விழுந்திருந்தது. பிரிட்ஜ் வாங்குவதற்காகக் கட்டிய சீட்டு. தெருவில் எல்லோருக்கும் தெரியும். எங்கே வைப்பது என்று அடுப்படி மூலையைக்கூடக் கழுவி விட்டிருந்தேன். அந்தப் பணத்தைக் கொண்டுபோய் அவர் கையில் வைத்து, புதுச் செல்ஃப் போடுங்கள் என்றேன்.

“கிறுக்கு புடிச்சிருக்கா ஒனக்கு? பிரிட்ஜுன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்க.”

“பிரிட்ஜுல கொழம்ப வச்சு நான் யாரோட இருந்து சாப்பிடதுக்கு?”

பணத்தை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பைபாஸ் ரோட்டுக் காக்கா

பைபாஸ் ரோட்டில் செய்யது காக்கா கடை வைத்திருந்தார். காயல்பட்டினத்துக்காரர். அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். சவூதியில், தம்மாமில் டிரெய்லர் ஒர்க்ஷாப்பில் பல வருஷம் இருந்துவிட்டு, பெற்ற உம்மாவுக்கு முடியவில்லை என்று திரும்பி வந்தவர். பேசாமல் அவருக்கு ஸ்பேனர் திரும்பாது. போல்ட்டோடு பேசுவார், ஒயரோடு பேசுவார், ஆள் கிடைத்தால் விட மாட்டார்.

வண்டியைக் கடை முன்னால் நிறுத்தினோம். நான் ஓரமாகக் கிடந்த டயர்மேல் உட்கார்ந்துகொண்டேன். வயிறு அப்போது நன்றாகவே தெரிய ஆரம்பித்திருந்தது.

பேட்டரி ஒயர்களைக் கழற்றிவிட்டு வண்டிக்கு அடியில் ஊர்ந்து போனவர், போனதும் சிரித்தார்.

“தம்பி, மோட்டாரு கெழடு, அது சரி. இந்த எர்த் ஒயர யாராவது பாத்தீங்களா? பச்சை பூத்துப் போய்க் கெடக்கு. இதுக்குள்ள எங்குட்டுக் கரண்டு போவும்?”

விஷயம் இதுதான். எங்களுக்கு முன்னால் அந்த வண்டியை வைத்திருந்தவர் ஈர உப்பு ஏற்றியவர். உப்புத்தண்ணீர் சொட்டிச் சொட்டி ஒயரை உள்ளுக்குள் அரித்திருக்கிறது. அத்தனை நாளும் என் வீட்டுக்காரர் மோட்டாரைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தாரே, அடிவாங்கிய பாவத்தில் பாதிதான் அதனுடையது. இனி மோட்டாரையும் ஒயரையும் சேர்த்தே மாற்ற வேண்டும் என்றார் காக்கா.

இரண்டு போல்ட் சொன்னபடி கேட்டன. மேலே இருந்த மூன்றாவது துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தது. எண்ணெய் ஊற்றி ஊறவைத்து, தட்டி, நீளக் கம்பியைச் சொருகி இரண்டு பேரும் தொங்கித்தான் அது அசைந்தது. பழைய மோட்டாரை இறக்கும்போது, ஆட்டுரலைத் தூக்குகிற மாதிரி முக்கினார்கள். காக்கா அட்டைப்பெட்டியைப் பிரித்துப் புதியதை வெளியே எடுத்தார். பழையதில் பாதிகூட இல்லை. என் வீட்டுக்காரர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

“என்ன காக்கா, இந்தச் சுண்டைக்காயா இம்புட்டுப் பெரிய எஞ்சினச் சுத்தப் போவுது?”

“கியர் டைப்பு தம்பி இது. மோட்டாரு சின்னதுதான், விறுவிறுன்னு சுத்தும். உள்ள இருக்க பல்லுச் சக்கரம் அந்த வேகத்த வலுவா மாத்திக் குடுக்கும். கரண்டும் கம்மியாத்தான் இழுக்கும். தம்மாம்ல எல்லா வண்டிக்கும் இதான்.”

அப்படித்தான் தம்மாம் பேச்சு ஆரம்பித்தது. புது மோட்டாரின் பல் எஞ்சின் சக்கரத்தின் பல்லோடு சேர்கிறதா என்று கையால் சுற்றிப் பார்த்தபோதும் தம்மாம். ஒயர் உட்காரும் இடத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கி, தடிமனான புது ஒயரை முடுக்கியபோதும் தம்மாம். வெளியே நெருப்பாக வெயில் அடிக்குமாம், கேபினுக்குள் ஏசியில் போர்வை கேட்குமாம். என் வீட்டுக்காரர் குனிந்து ஸ்பேனரை நீட்டிக்கொண்டே, “ரோடு எப்பிடி காக்கா? லைசென்சு அங்க புதுசா எடுக்கணுமோ?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். காக்காவின் வாயைக் கிளறி வேலை வாங்குகிறார் என்று நினைத்து, நான் கலர் சோடா குடித்துக்கொண்டிருந்தேன்.

எல்லாம் முடிந்து சாவியைத் திருப்பச் சொன்னார் காக்கா. என் வீட்டுக்காரர் ஏறி உட்கார்ந்து, சாமியைக் கும்பிட்டு, சாவியைத் திருப்பினார். திருப்புவதற்குள் எஞ்சின் எடுத்துவிட்டது. ஆனால் இவர் பழைய மோட்டாருக்குப் பழகிய கையல்லவா? பல்லைக் கடித்துக்கொண்டு சாவியைத் திருப்பிப் பிடித்தபடியே இருந்தார். அடியில் கிரீச்சென்று பல் அலறியது.

“விடு தம்பி, விடு! அதான் எடுத்துருச்சே!” என்று காக்கா தலையில் அடித்துக்கொண்டார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அந்த வருஷத்தில் நான் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான்.

அணைக்காத கை

மோட்டார் மாறிவிட்டது, அவர் மாறவில்லை. அடுத்த தடவை வரிசைக்குப் போகிறேன், எங்கள் வண்டி எப்போதும் போல உறுமிக்கொண்டு நிற்கிறது. அதற்கடுத்த தடவையும் அப்படியே. கேட்டால், “எடுக்காட்டி?” என்றார். தினமும் காலையில் எடுக்கிறது, ஷெட்டில் எடுக்கிறது, டீக்கடை வாசலில் எடுக்கிறது. வரிசையில் மட்டும் அவருக்குக் கை வராது. என் பிரிட்ஜ் அங்கே எஞ்சினுக்கு அடியில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

பொறுத்துப் பார்த்தேன். கடைசியில்தான் அந்த மத்தியானம், நானே எட்டிச் சாவியைத் திருப்பினேன்.

அமைதி

சத்தம் நின்ற பிறகு என்ன பேசுவது என்று தெரியவில்லை. அதுதான் வேடிக்கை. எத்தனையோ சங்கதி சேர்த்து வைத்திருந்தேன். ஒன்றும் வாயில் வரவில்லை. அவர் பாட்டுக்குச் சாப்பிட்டார். நான் கடல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே நங்கூரம் போட்டிருந்த ஒரு கப்பல் அசையாமல் நின்றது.

அவர் கை கழுவித் துடைத்துக்கொண்ட நேரத்தில் உள்ளே பிள்ளை உதைத்தது.

“கைய இங்கன வைங்க” என்றேன், காதோடு.

வைத்தார். ஈரம் காயாத கை. பிள்ளை இன்னொரு தடவை உதைத்தது. அவர் கையை அசைக்காமல் காத்திருந்தார். எனக்கு அவர் மூச்சு கேட்டது. அந்தக் கொஞ்ச நேரம், நான் ஆசைப்பட்டதெல்லாம் என் மடியில் இருந்தது.

“செல்வி” என்றார். அதே குரல். பெண் பார்க்க வந்த அன்று கேட்ட குரல்.

“ம்.”

“ஒண்ணு சொல்லணும். ரொம்ப நாளா நெஞ்சுலயே கெடக்கு. இந்தச் சத்தத்துல வச்சு இதக் கத்தியா சொல்ல முடியும்?” கையை எடுக்கவில்லை. “தம்மாமுக்குப் போலாம்னு இருக்கேன். போன வருசமே பாஸ்போர்ட் எடுத்துட்டேன். லோடும் முன்ன மாதிரி இல்ல. பைனான்ஸ்காரனுக்கு ஓட்டுததுலயே வண்டி தேஞ்சு போவுது. இப்பம் காக்கா சொல்லி, அவுக மச்சான் மூலமா விசாவும் வந்துரும் போல. புள்ள மொகத்தப் பாத்துட்டுத்தான் போவேன்.”

ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது. ஒன்றுகூடத் தப்பவில்லை.

போன வருஷமே என்றால், நான் உண்டாவதற்கு முன்னாலேயே. அத்தனை நாளும் நான் அவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து உப்பு, புளி, குழம்பு என்று கத்திக்கொண்டிருந்தபோதெல்லாம், அவர் இந்தப் பேச்சை வாயில் வைத்துக்கொண்டு அமைதிக்குக் காத்திருந்திருக்கிறார். அந்தக் கிழட்டு மோட்டார்தான் இதைச் சொல்லவிடாமல் என்னைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. நான் சீட்டுப் பணத்தைக் கொடுத்து அதைக் கழற்றிவிட்டேன்.

போனவரும் வண்டியும்

மகளுக்குக் கழுத்து நிற்பதற்கு முன்னாலேயே அவர் போய்விட்டார். வண்டியைப் பெரியதாழைக்காரர் ஒருவர் வாங்கினார். வந்தவர் ஒரு தடவை சாவியைத் திருப்பினார், அணைத்தார், மறுபடி திருப்பினார். “செல்ஃப் நல்ல சுறுசுறுப்பா இருக்கே” என்று சொன்னவர், விலையில் பேரம்கூடப் பேசவில்லை.

இப்போது மகள் பள்ளிக்கூடம் போகிறாள். அவர் இன்னும் அங்கேதான். லீவில் வருகிறார், பெட்டி கட்டுகிறார், போகிறார். முதல் லீவிலேயே இரண்டு கதவு வைத்த பிரிட்ஜ் வாங்கிப் போட்டார். குழம்பு கெடாமல் இருக்கிறது.

வண்டியை ஓரங்கட்டிவிட்டு வீடியோ காலில் வருவார். ஏசி கேபின், கண்ணாடி ஏற்றியிருக்கும், ஒரு இரைச்சல் கிடையாது. அவர் குரல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலவே கேட்கும். பேசி முடித்துப் போனை வைத்த பிறகு பக்கத்தில் பார்ப்பேன். இத்தனை வருஷமாகியும் பார்க்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆனால் இதெல்லாம் பின்னால் நடந்தது. அன்றைக்கு அந்தக் கேபினில், அவர் சொல்லி முடித்துவிட்டு என் பதிலுக்காக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழுதால் முன்வண்டிக்காரர் எழுந்து வருவார், பின்வண்டிக்காரர் எட்டிப் பார்ப்பார். ஊசி விழுந்தால் கேட்கிற அமைதி. நான் கேட்டு வாங்கிய அமைதி.

“ஏங்க” என்றேன். “வண்டிய ஸ்டார்ட் பண்ணுங்க.”

“வரிசை நவுரலியே?”

“பண்ணுங்கன்னு சொல்லுதேன்லா.”

சாவியைத் திருப்பினார். தொட்டதும் எடுத்துக்கொண்டது.

அமைதியாக நிற்கிற வரிசையில் ஒரு வண்டி உறுமினால், முன்னால் கேட் திறந்துவிட்டது என்று அர்த்தம். நிழலில் படுத்திருந்தவர்கள் துண்டை உதறிக்கொண்டு எழுந்து ஓடினார்கள். முன்வண்டி ஸ்டார்ட் ஆனது. பின்வண்டி ஆனது. அதற்குப் பின்னால், அதற்கும் பின்னால், உப்பளம் தாண்டி ரவுண்டானா வரைக்கும் ஒவ்வொன்றாக எல்லா எஞ்சினும் எடுத்துக்கொண்டது. எங்கும் போக வழியில்லாமல் அத்தனை லாரியும் நின்ற இடத்தில் உறுமின. அந்த இரைச்சலுக்குள் நான் முந்தானையை வாயில் வைக்காமல், முகத்தை மூடாமல், வாய்விட்டு அழுதேன்.